பனிப்புயல் முன்கணிப்பு: சென்டிமீட்டர் எழுதும் முன் பார்க்க வேண்டியவை

ஒன்பது நாள் தள்ளி, அமெரிக்கக் கிழக்குக் கரையோரமாக ஒரு தாழ்வழுத்தம் ஏறிவருவதாக அமெரிக்க வானிலைக் கணினி மாடலான ஜி.எஃப்.எஸ்.-இன் ஓர் ஓட்டம் (ஒருமுறைக் கணக்கீடு) காட்டும். பனி வரைபடத்தில் வாஷிங்டன் முதல் பாஸ்டன் வரை ஊதா நிறம், மேலே 60 செ.மீ. என்று எண். ஆறு மணி நேரம் கழித்து வரும் அடுத்த ஓட்டத்தில் அதே புயல் 500 கி.மீ. கிழக்கே, நடுக்கடலில் நிற்கும். இரண்டில் எது சரி என்று விவாதிப்பதில் பயனில்லை. ஒன்பது நாள் தொலைவில் எந்த மாடலாலும் விடை சொல்ல முடியாத கேள்வி அது.

புயல் உருவாகுமா? எந்தப் பாதையில் போகும்? மழையா, பனியா? எவ்வளவு நீர் விழும்? அது எத்தனை சென்டிமீட்டர் பனியாகும்? இந்த ஐந்து கேள்விகளும் இதே வரிசையில்தான் தெளிவடைகின்றன. ஐந்தாவதற்கான விடையை முதல் நாளே எழுதிவிடுவதுதான் வானிலை ஆர்வலர்கள் செய்யும் பெரிய தவறு. பனி வரைபடம் ஒரே சொடுக்கில் கிடைப்பதால் இந்தத் தவறு எளிதாக நடக்கிறது. எச்சரிக்கையோடு கணிப்பது என்றால் மழுப்பிப் பேசுவது என்று பொருளில்லை. இன்றைய தொலைவில் எந்தக் கேள்விவரை விடை கிடைக்குமோ அதுவரை தெளிவாகச் சொல்லி, அங்கே நிறுத்துவதுதான்.

கீழே உள்ளவை அமெரிக்கக் கிழக்குக் கரைப் புயல்களை வைத்து எழுதப்பட்டவை. மலை, கடல், கனடாவின் குளிர்காற்று மூன்றும் நெருக்கமாகச் சந்திக்கும் இடம் என்பதால், கணிப்பு தவறக்கூடிய எல்லா வழிகளையும் அங்கே ஒருசேரப் பார்க்கலாம்.

பத்து நாள் முதல் ஏழு நாள் வரை

இந்தக் கட்டத்தில் பனி வரைபடத்தைத் திறக்கவே வேண்டாம். 500 ஹெக்டோபாஸ்கல் படத்தை மட்டும் பாருங்கள். காற்றழுத்தம் 500 ஹெக்டோபாஸ்கலாகக் குறையும் இடத்தில், தரையிலிருந்து சுமார் ஐந்தரை கி.மீ. உயரத்துக் காற்றோட்டம் அது. அதில் தேட வேண்டியவை மூன்று. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உயரழுத்த மேடு எழும்புகிறதா? கிரீன்லாந்துப் பக்கம் ஓர் உயரழுத்தம் தடுப்பாக உட்கார்ந்து புயலை மெதுவாக்குமா? கனடாவின் தென்கிழக்கில் குளிர்காற்று தேங்கியிருக்கிறதா, அல்லது பசிபிக்கின் மிதமான காற்று கண்டம் முழுக்கப் பரவிவிட்டதா?

மூன்றில் கடைசியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். குளிர்காற்று கைவசம் இல்லாவிட்டால் மிக அழகான பாதையில் வரும் புயலும் கரையோர நகரங்களில் வெறும் மழையாகவே முடியும்.

இப்போது எழுதக்கூடிய வாக்கியம் ஒன்றுதான்: “அடுத்த வார இறுதியை ஒட்டிப் புயலுக்கு ஏற்ற அமைப்பு தெரிகிறது, பாதை, அளவு பற்றி இப்போது எதுவும் சொல்ல இயலாது.” இதைவிட ஒரு சொல் கூடினாலும் அதற்கு ஆதாரம் கிடையாது.

ஆறு நாள் முதல் நான்கு நாள் வரை: என்செம்பிளை எண்ணுவது

ஒரே மாடலைத் தொடக்க நிலையில் சிறு சிறு மாற்றங்களோடு பலமுறை ஓட்டுவதுதான் என்செம்பிள். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் என்செம்பிளில் 51 உறுப்பினர்கள், அமெரிக்க ஜி.இ.எஃப்.எஸ்.-இல் 31, கனடாவினதில் 21. மூன்றையும் சேர்த்தால் 103 சாத்தியங்கள் கையில் இருக்கின்றன. அப்படியிருக்க, ஒற்றை ஓட்டத்தை மட்டும் வைத்துப் பேசுவதற்கு இந்தக் கட்டத்தில் எந்த நியாயமும் இல்லை.

என்செம்பிளைப் படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது சராசரிப் படம். அதை நம்பிவிடாதீர்கள். பாதி உறுப்பினர்கள் புயலைக் கரையை ஒட்டி ஏற்றி 40 செ.மீ. காட்டுகிறார்கள், மறுபாதி அதைக் கடலுக்குள் தள்ளி ஒன்றுமே காட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 20 செ.மீ. என்று வரும். ஆனால் 20 செ.மீ. என்று எந்த உறுப்பினரும் சொல்லவில்லை. நடக்கப்போவது இரண்டில் ஒன்று. சராசரி சொல்வதோ நடக்க வாய்ப்பே குறைந்த மூன்றாவது ஒன்று.

எனவே தாழ்வழுத்த மையங்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தைத் திறந்து, கொத்துகளாக எண்ணுங்கள். கிழக்குக் கரைப் புயல்களுக்கு வடக்கு அட்சம் 40 பாகை, மேற்குத் தீர்க்கம் 70 பாகை சந்திக்கும் புள்ளி ஒரு பழைய அளவுகோல். அதன்மேலோ அதற்குச் சற்று உட்புறமாகவோ மையம் கடந்தால் நியூயார்க், பாஸ்டன் பகுதிகளுக்குப் பனி வாய்ப்பு நல்லது. வெகு கிழக்கே போனால் ஒன்றுமில்லை. வெகு மேற்கே, கரையை ஒட்டிவிட்டால், கடலின் வெப்பம் உள்ளே புகுந்து மழையாகிவிடும். அந்தப் புள்ளிக்கு மேற்கே எத்தனை மையங்கள், மேலே எத்தனை, கிழக்கே எத்தனை என்று ஒரு தாளில் குறியுங்கள். நான்கு ஓட்டங்களுக்கு இதைச் செய்தாலே, கொத்து எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரிந்துவிடும். எந்த ஓர் ஓட்டத்தின் பனி வரைபடத்தையும்விட இந்தத் தாள் பயனுள்ளது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரே மாடலின் உறுப்பினர்கள் அந்த மாடலின் பிழையையும் சேர்த்தே சுமக்கிறார்கள். 51 பேரும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் அதை 51 தனித்தனிச் சாட்சிகளாக எண்ணக் கூடாது. அடுத்தது, என்செம்பிள்களில் உறுப்பினர்களிடையே காணும் வேறுபாடு பல நேரங்களில் உண்மையான ஐயத்தைவிடக் குறைவாகவே இருக்கும். எல்லா உறுப்பினரும் பனி என்று சொன்னாலும், நான்கு நாள் தொலைவில் 100 சதவீதம் என்று எழுதாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் பாதையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டு ஜெட் ஓட்டங்கள் (மேல்வானின் வேகமான காற்றோட்டங்கள்) சேரும் நேரம்தான். வடக்கு ஓட்டத்தில் ஓர் அலையும் தெற்கு ஓட்டத்தில் ஓர் அலையும் தனித்தனியே வரும். உரிய நேரத்தில் இணைந்தால் புயல் வலுத்துக் கரையோரமாக வளைந்து ஏறும். சில மணி நேரம் தாமதித்தால் தெற்கு அலை தனியாகக் கடலுக்குள் நழுவிவிடும். மாடல்கள் நாளுக்கு நாள் குதிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆகவே “புயல் காணாமல் போய்விட்டது” என்று ஓர் ஓட்டத்தைப் பார்த்து எழுதுவதும், “புயல் திரும்பிவிட்டது” என்று அடுத்ததைப் பார்த்து எழுதுவதும் வாசகரை அலைக்கழிப்பதில்தான் முடியும்.

ஓட்டங்களைப் பின்தொடரும் முறை

ஜி.எஃப்.எஸ். ஒரு நாளில் நான்கு முறை ஓடுகிறது: யு.டி.சி. என்ற உலகப் பொது நேரப்படி 00, 06, 12, 18. கிழக்குக் கரையின் குளிர்கால நேரம் யு.டி.சி.-யைவிட ஐந்து மணி நேரம் பின்தங்கியது. எனவே 00 ஓட்டம் என்பது அங்கே மாலை 7 மணித் தரவு. படங்கள் இரவு 10.30 வாக்கில் வரத் தொடங்கும். ஐரோப்பிய மாடல் நள்ளிரவைத் தாண்டி வரும்.

06, 18 ஓட்டங்கள் மட்டமானவை என்று ஆர்வலர்களிடையே ஒரு பேச்சு உண்டு. மேல்வானை அளக்கும் ரேடியோசாண்ட் பலூன்கள் பெரும்பாலும் 00, 12 மணிக்கு மட்டுமே ஏற்றப்படுவதால் எழுந்த எண்ணம் அது. ஆனால் மாடலுக்குள் போகும் தரவில் மிகப் பெரும்பங்கு செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது. அது நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கிறது, விமானங்கள் தரும் அளவீடுகளும் அப்படியே. பிடிக்காத ஓட்டத்தை ஒதுக்க இந்தச் சாக்கைப் பயன்படுத்தாதீர்கள்.

ஒரு பழக்கம் மிகவும் உதவும். ஒவ்வொரு ஓட்டமும் வந்தவுடன் உங்கள் இடத்துக்கான மூன்று எண்களைக் குறித்துவையுங்கள்: தாழ்வழுத்த மையம் உங்களுக்கு மிக அருகே வரும்போது உள்ள தூரம், மொத்த நீர் அளவு, 850 ஹெக்டோபாஸ்கலில் (சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில்) அப்போதைய வெப்பநிலை. கடைசி நான்கு ஓட்டங்களின் சராசரியை வைத்தே பேசுங்கள். புதிய ஓட்டம் பெரிதாக மாறியிருந்தால், உங்கள் கணிப்பை அதன் திசையில் ஓரளவு மட்டும் நகர்த்திவிட்டு அடுத்ததற்குக் காத்திருங்கள். மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தால் அது போக்கு. அப்போது தயங்காமல் மாற்றிவிட வேண்டும். முன்பு எழுதியதைக் காப்பாற்றுவதற்காக அதையே பிடித்துக்கொண்டிருப்பதும் தவறுதான்.

மழையா, பனியா: செங்குத்தாகப் பார்ப்பது

மூன்று நாள்களுக்குள் வந்ததும் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும். 1000 முதல் 500 ஹெக்டோபாஸ்கல் வரையிலான காற்றுத் தம்பத்தின் தடிமன் 5400 மீட்டருக்குக் கீழே இருந்தால் பனி என்று ஒரு பழைய விதி உண்டு. தொடக்கத்துக்கு அது போதும்; முடிவெடுக்கப் போதாது. தம்பத்தின் சராசரி குளிர்ச்சியாக இருந்தாலும், நடுவே ஒரு மெல்லிய வெப்ப அடுக்கு ஒளிந்திருந்தால் பனி கெட்டுவிடும்.

எனவே உங்கள் இடத்தின் செங்குத்து வெப்பநிலைக் கோட்டை மூன்று மணி நேர இடைவெளியில் திறந்து பாருங்கள். மேலிருந்து கீழாக வாருங்கள்.

மேகத்துக்குள் −12 முதல் −18 பாகை செல்சியஸ் வரையிலான அடுக்கில்தான் கிளை விரிந்த பெரிய பனிப்படிகங்கள் வேகமாக வளர்கின்றன. அந்த அடுக்கு ஈரமாக இருக்க வேண்டும். வலுவான மேலெழுச்சியும் அதே அடுக்கில் அமைய வேண்டும். எழுச்சி அதற்குக் கீழே மட்டும் இருந்தால் பொடிப்பொடியாக விழும், தரையில் பனி சேர்வது மந்தமாகும்.

அடுத்து 700-க்கும் 850-க்கும் இடையே பாருங்கள். தென்கிழக்கிலிருந்து வெப்பக்காற்று முதலில் மூக்கை நுழைப்பது இங்கேதான். 850-இல் −2 என்று பார்த்து நிம்மதி அடைந்தவர்கள், 775-இல் +2 இருந்ததைக் கவனிக்காமல் போவது அடிக்கடி நடக்கும். வெப்ப அடுக்கின் உச்சம் 1 பாகைக்குக் கீழே என்றால் படிகம் பெரும்பாலும் தப்பிக்கும். 1 முதல் 3 பாகை வரை என்றால் பாதி உருகி, கீழே உள்ள குளிர் அடுக்கில் மீண்டும் உறைந்து, தரையில் துள்ளும் ஐஸ் குருணையாக விழும். 3 பாகையைத் தாண்டினால் முழுதாக உருகிவிடும். அதன்பின் தரையை ஒட்டி ஒரு மெல்லிய உறைநிலை அடுக்கு இருந்தால் போதும், உறைமழை: நீராக விழுந்து, பட்ட இடத்தில் கண்ணாடி போல் உறைந்துவிடும். இந்த எல்லைகள் தோராயமானவை. வெப்ப அடுக்கு எவ்வளவு தடிமன் என்பதும் கணக்கில் சேரும்.

கடைசியாகத் தரை. இங்கே வெப்பநிலையை மட்டும் பார்ப்பது பொதுவான பிழை. பார்க்க வேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது நீர் ஆவியாவதால் காற்று குளிரக்கூடிய எல்லை. தரையில் 3 பாகையும் பனிப்புள்ளி (காற்றின் ஈரம் நீராகத் திரளும் வெப்பநிலை) −8-உம் இருந்தால் “மழைதான்” என்று தோன்றும். ஆனால் விழும் பனி அந்த வறண்ட காற்றில் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும். வெப்பநிலை 0-க்குச் சற்றுக் கீழே வரை இறங்கக்கூடும். மாறாக 2 பாகையும் பனிப்புள்ளி 1-உம் என்றால் இறங்க இடமே இல்லை. தரை வெப்பநிலை முதலதில் அதிகம். ஆனாலும் பனி வாய்ப்பு அங்கேதான் கூடுதல்.

அதே வறண்ட காற்று இன்னொரு விதத்தில் ஏமாற்றும். ரேடாரில் பச்சை நிறம் தலைக்கு மேல் வந்திருக்கும், தரையில் ஒன்றும் விழாது. விழுவதெல்லாம் நடுவழியில் ஆவியாகிக்கொண்டிருக்கும். தரைமட்டப் பனிப்புள்ளி −10-க்கும் கீழே இருந்தால், மாடல் சொல்லும் தொடக்க நேரத்தில் சில மணி நேரத் தாமதத்துக்கு இடம் விடுங்கள்.

அப்பலாச்சியன் மலைக்குக் கிழக்கே குளிர்காற்று அணைகட்டியது போல் தேங்கும். மெல்லிய அந்தக் குளிர் அடுக்கை உலகளாவிய மாடல்கள் சீக்கிரமே கரைத்துவிடும் போக்கு உடையவை. வட கரோலினா, வர்ஜீனியா பகுதிகளுக்குக் கணிக்கும்போது, மாடல் “மழையாக மாறிவிடும்” என்று சொல்லும் நேரத்தை அப்படியே நம்பாமல், உறைமழை நீடிக்கும் சாத்தியத்தைத் தனியாக எழுதுங்கள்.

உறைமழையைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்வலர்களின் கண் பனியின் ஆழத்தில் இருக்கும். ஆனால் 6 மி.மீ. ஐஸ் படிந்தாலே கிளைகள் முறியத் தொடங்கும். 12 மி.மீ.-ஐத் தாண்டினால் மின்கம்பிகள் அறுந்து பரவலாக மின்சாரம் போகும். 30 செ.மீ. பனியை மிகைப்படுத்துவதைவிட, 8 மி.மீ. ஐஸைக் கண்டுகொள்ளாமல் விடுவது பெரிய பிழை.

நீரைச் சென்டிமீட்டராக்குவது

பெரும்பாலான பனி வரைபடங்கள் 10-க்கு 1 என்ற விகிதத்தில் வரையப்படுகின்றன: 1 மி.மீ. நீர், 1 செ.மீ. பனி. உண்மையில் ஈரப்பனி 5-க்கு 1 வரை இறங்கும். கடுங்குளிரில் பஞ்சுப்பனி 20-க்கு 1-ஐத் தாண்டும். போதாததற்கு, பல வரைபடங்கள் ஐஸ் குருணையையும் பனியாகவே கூட்டிவிடுகின்றன. மழை எல்லைக்கருகே உள்ள ஊர்களுக்கு இந்த வரைபடங்களைப் பகிரவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கையால் போடும் கணக்கு கடினமில்லை. மொத்த நீர் 25 மி.மீ. என்று மாடல் சொல்கிறது. வரைபடத்தில் 25 செ.மீ. தெரியும். செங்குத்துக் கோடுகளை மணி நேரவாரியாகப் பார்த்ததில் முதல் 6 மி.மீ. மழையாகவும், அடுத்த 3 மி.மீ. குருணையாகவும், மீதி 16 மி.மீ. பனியாகவும் விழும் என்று தெரிகிறது. வெப்பநிலை 0-ஐ ஒட்டியிருப்பதால் விகிதம் 8. பனி 12.8 செ.மீ., குருணை 3-க்கு 1 விகிதத்தில் சுமார் 1 செ.மீ. மொத்தம் ஏறத்தாழ 14. வரைபடம் காட்டியதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது.

விகிதத்தை எப்படித் தேர்வது? குச்செரா முறை என்று ஒன்று பரவலாக இருக்கிறது. தரையிலிருந்து 500 ஹெக்டோபாஸ்கல் வரை உள்ளதில் மிக அதிகமான வெப்பநிலையைக் கெல்வினில் எடுங்கள். அதை 271.16-லிருந்து கழியுங்கள். விடை நேர்மறை என்றால் 12-உடன் அப்படியே கூட்டுங்கள். எதிர்மறை என்றால் இரட்டிப்பாக்கிக் கூட்டுங்கள். உச்ச வெப்பநிலை −4 பாகை, அதாவது 269.15 கெல்வின் என்றால் விகிதம் 14. அதுவே 0 பாகை என்றால் 8. எளிமையான முறை, ஆனால் படிகம் எந்த அடுக்கில் வளர்ந்தது என்பதையோ காற்றின் வேகத்தையோ இது பார்ப்பதில்லை. பலத்த காற்று படிகங்களின் கிளைகளை உடைத்து நெருக்கமாக அடுக்கிவிடும். அப்போது சூத்திரம் 14 என்றாலும் 10 அல்லது 11-ஐ எடுப்பது பாதுகாப்பு. மார்ச் மாதப் பகலில் மெல்லிய பனி சாலையில் படியாமல் உருகும். மணிக்கு 2 செ.மீ.-க்கு மேல் கொட்டினால் பகலிலும் படியும்.

விளிம்பில் இருக்கும் ஊர்

2015 ஜனவரி 26, 27 தேதிகளில் நியூயார்க் நகருக்கு 20 முதல் 30 அங்குலம் வரை, அதாவது 50 முதல் 75 செ.மீ. வரை, கணிக்கப்பட்டது. நகரின் சுரங்க ரயில் நிறுத்தப்பட்டது. சென்ட்ரல் பார்க்கில் பதிவானது 9.8 அங்குலம், 25 செ.மீ. அதே இரவில் லாங் ஐலண்டின் ஐஸ்லிப்பில் 24.9 அங்குலம், 63 செ.மீ. கொட்டியது. பாஸ்டனில் 24.6 அங்குலம். புயல் வந்தது, வலுவாகவே வந்தது. கனத்த பனிப்பட்டை கணித்ததைவிடச் சற்றுக் கிழக்கே நின்றுவிட்டது, அவ்வளவுதான். அந்தப் புயலில் ஐரோப்பிய மாடல் நகருக்கு அதிகமும், ஜி.எஃப்.எஸ். குறைவும் காட்டின. வழக்கமாகச் சிறந்த மாடல் என்ற பெயரை மட்டும் நம்பி மற்றதை ஒதுக்கியவர்களுக்கு அந்த இரவு கசப்பாக முடிந்தது.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. 2000 ஜனவரி 24, 25-இல் வட கரோலினாவின் ராலேயில் 20.3 அங்குலம், 52 செ.மீ. கொட்டியது. முந்தைய நாள்வரை மாடல்கள் அதைக் கடலுக்குள்ளேயே வைத்திருந்தன. எண்ணைக் குறைத்துச் சொல்வதே எச்சரிக்கை என்று எண்ணுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

2016 ஜனவரி 22 முதல் 24 வரையிலான புயலில் இரண்டையும் ஒருங்கே காணலாம். வாஷிங்டன் பகுதிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பிருந்தே மாடல்கள் ஒத்துப்போயின. அங்கே துணிந்து சொல்ல முடிந்தது. நியூயார்க் வடக்கு விளிம்பில் இருந்தது. அங்கே புயல் நடந்துகொண்டிருக்கும்போதே எண்கள் உயர்த்தப்பட்டன. கடைசியில் சென்ட்ரல் பார்க்கில் 27.5 அங்குலம், 70 செ.மீ. பதிவானது. நம்பிக்கை என்பது ஒரு புயலுக்கு ஒன்று என்று இருப்பதில்லை. ஒவ்வோர் ஊருக்கும் தனி.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. உங்கள் ஊரிலிருந்து நான்கு திசைகளிலும் 80 கி.மீ. தள்ளி வரைபடம் என்ன எண் காட்டுகிறது என்று பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பாதை சற்று நகர்ந்தாலும் கணிப்பு நிற்கும். ஒரு பக்கம் 60, மறுபக்கம் 10 என்றால் நீங்கள் விளிம்பில் இருக்கிறீர்கள். புயலுக்கு முந்தைய நாள்கூட 80 கி.மீ. பாதைப் பிழை சாதாரணம். அப்படிப்பட்ட ஊருக்கு ஒற்றை எண் எழுதவே கூடாது. இரண்டு காட்சிகளையும் தனித்தனியே, அவற்றின் வாய்ப்போடு எழுதுங்கள்.

கடைசி 24 மணி நேரத்தில் 3 கி.மீ. நுண்மை கொண்ட எச்.ஆர்.ஆர்.ஆர். என்ற அமெரிக்கக் குறுகியகால மாடல் உதவும். ஒவ்வொரு மணியும் ஓடுகிறது. 00, 06, 12, 18 ஓட்டங்கள் 48 மணி நேரம் வரை போகும். கனத்த பனிப்பட்டைகள் உருவாகும் என்பதை அது நன்றாகக் காட்டும். பட்டை எந்தத் தெருவில் நிற்கும் என்பதில் நம்பாதீர்கள். பட்டைக்குள் மணிக்கு 5 செ.மீ.-க்கு மேல் கொட்டும்போது, இரு பக்கத்திலும் காற்று கீழிறங்கி 20 கி.மீ. தள்ளியுள்ள ஊரில் தூறலாகக் குறையும். அடுத்தடுத்த ஆறு ஓட்டங்களிலும் பட்டை ஒரே மாவட்டத்தில் நின்றால் மட்டும் பெயர் சொல்லுங்கள்.

எழுதும்போது

பனியை விரும்புகிறவர்கள்தான் இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறார்கள். அந்த விருப்பம் எண்களைச் சத்தமில்லாமல் மேலே தள்ளும். அதற்கு ஒரு மருந்து உண்டு: கணிப்பை எழுதி முடித்ததும், “இது பொய்த்தால் எதனால் பொய்க்கும்?” என்று மூன்று காரணங்களைக் கீழே எழுதுங்கள். பாதை கிழக்கே நகர்வது, 800 அடுக்கில் வெப்பக்காற்று, தொடக்கத்தில் வறண்ட காற்று, நடுவே வறண்ட பகுதி நுழைந்து பனி நின்றுபோவது என்று இந்தப் புயலுக்குப் பொருந்துபவை எவையோ அவை. மூன்று காரணம் எளிதாகக் கிடைத்தால் எண்ணைத் திரும்பப் பாருங்கள். அவற்றில் முக்கியமானதை வாசகருக்கும் சொல்லிவிடுங்கள்.

48 மணி நேரத்துக்குள் வந்தபின் வீச்சு சொல்லலாம். “5 முதல் 40 செ.மீ.” என்பது எவருக்கும் உதவாது, “17 செ.மீ.” என்பது பொய்யான துல்லியம். என்செம்பிளின் கீழ்ப் பத்து சதவீதத்தையும் மேல் பத்து சதவீதத்தையும் ஒதுக்கிவிட்டு நடுவில் நிற்பதை எடுங்கள். நல்ல பதிவு ஒன்றின் அளவு இப்படி இருக்கும்:

“ஜனவரி 14, இரவு 11 மணி நிலவரம். ஞாயிறு காலை 7 முதல் இரவு 10 வரை பனி. 12 முதல் 20 செ.மீ. வரை வாய்ப்பு அதிகம். 25-ஐத் தாண்ட 5 சதவீதம். 5-க்கும் கீழே நிற்க 5 சதவீதம். மதியம் 2 முதல் 5 வரை ஐஸ் குருணை கலந்தால் கீழ் எண்ணே நடக்கும். அடுத்த பதிவு நாளை மதியம்.”

தேதியும் நேரமும் முதல் வரியில் இருக்கட்டும். வரைபடம் பகிர்ந்தால் அதன் மேலேயே எழுதுங்கள். படம் பதிவிலிருந்து பிரிந்து தனியாகச் சுற்றும், மூன்று நாள் பழைய எண் புதிதாகிவிடும். “வரலாறு காணாத”, “அரக்கப் புயல்” போன்ற சொற்கள் வேண்டாம். “பனிச்சூறாவளி” என்ற சொல்லைப் பனி அதிகம் என்பதற்காகப் பயன்படுத்தாதீர்கள். அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் வரையறைப்படி, மணிக்கு 35 மைல், அதாவது 56 கி.மீ. வேகக் காற்றோ அடிக்கடி வீசும் அதே வேகக் காற்றடிப்போ இருக்க வேண்டும். கால் மைலுக்கும் குறைவான பார்வைத் தூரம் மூன்று மணி நேரம் நீடிக்க வேண்டும். பனியின் ஆழம் அந்த வரையறையிலேயே இல்லை.

அதே சேவை பனிப்புயல் ‘வாட்ச்’ வெளியிடுவது, நடக்கும் என்ற நம்பிக்கை 50 சதவீத அளவைத் தொடும்போது. ‘வார்னிங்’ 80 சதவீத அளவில். இந்தச் சொற்களை உங்கள் சொந்தப் பதிவுக்குத் தலைப்பாக்காதீர்கள். பள்ளி, விமானம், சாலை பற்றி முடிவெடுக்கிறவர் அதிகாரபூர்வ எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு பதிவிலும் எழுதுங்கள். உங்கள் கணிப்பு அதிலிருந்து வேறுபட்டால், எவ்வளவு, ஏன் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

முடிந்த பிறகு

அளக்காத கணிப்பு திருந்தாது. வெள்ளை வண்ணம் பூசிய, சுமார் 60 செ.மீ. சதுர ஒட்டுப்பலகை ஒன்றைச் சுவரிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளித் திறந்தவெளியில் வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து துடைக்கலாம். அதைவிட அடிக்கடி கூடாது. மணிக்கு ஒருமுறை துடைத்துக் கூட்டினால், பனி தன் எடையில் அமுங்க நேரமில்லாமல் மொத்தம் உப்பிவிடும். காற்றடித்த இடத்தில் பலகை மட்டும் போதாது: சுற்றிலும் பல இடங்களில் குத்திப் பார்த்துச் சராசரி எடுங்கள், குவிந்த மேட்டையும் வெறுமையான தரையையும் ஒதுக்கிவிடுங்கள். ஒரு குவளையில் பனியை உருக்கி நீரளவையும் குறித்தால், நீங்கள் எடுத்த விகிதம் சரியா என்பதும் தெரியும்.

சதவீதங்களுக்கு மதிப்பெண் போட பிரையர் முறை போதும். “15 செ.மீ.-ஐத் தாண்ட 70 சதவீதம்” என்று எழுதியிருந்தால் அது 0.7. தாண்டினால் 1, தாண்டாவிட்டால் 0. வித்தியாசத்தின் வர்க்கம்: தாண்டினால் 0.09, தாண்டாவிட்டால் 0.49. குறைவாக இருந்தால் நல்லது. எப்போதும் 50 சதவீதம் என்றே எழுதுகிறவருக்கு எது நடந்தாலும் 0.25 கிடைக்கும், உங்கள் சராசரி அதற்கு மேலே போனால் கணிப்பில் சிக்கல் இருக்கிறது. நான்கு நாள், இரண்டு நாள், ஒரு நாள் தொலைவில் எழுதியவற்றைத் தனித்தனி நெடுவரிசையில் வையுங்கள். எந்த நெடுவரிசையில் மதிப்பெண் 0.25-ஐத் தாண்டுகிறதோ, அந்தத் தொலைவில் சதவீதம் எழுதுவதை நிறுத்திவிட்டு, அமைப்பை மட்டும் விவரியுங்கள்.